இணையத்தில் குடியிருப்பு: சர்வரைத் தேர்தலும் நிறுவலும் மாற்றலும்

முன்னுரை

சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், 1990-ஆம் ஆண்டின் இறுதியில், டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் அறிஞர் உலகின் முதல் வலைத்தளத்தை இயக்கினார். அது நெக்ஸ்ட் என்னும் நிறுவனம் செய்த கறுப்பு நிறக் கணிப்பொறி ஒன்றில் இருந்தது. அப்பொறியின்மேல் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. இது ஒரு சர்வர், இதன் மின்சாரத்தை நிறுத்தாதீர் என்னும் பொருள்படச் சிவப்பு மையால் அதில் எழுதப்பட்டிருந்தது. அறையைப் பூட்டுகிறவர் யாரேனும் வழக்கம்போல் விசையை அணைத்திருப்பாராயின், அன்றைய வைய விரிவு வலை முழுவதும் அணைந்து போயிருக்கும்!

இன்று அந்நிலை இல்லை. கோடிக்கணக்கான தளங்கள் உலகெங்கும் இயங்குகின்றன. கல்லூரித் துறைகளும் நூலகங்களும் சிற்றிதழ்களும் தமிழ் மன்றங்களும் தத்தம் எழுத்துகளை வலைத்தளத்தில் வைக்கின்றன. ஆயினும், எழுதுவதில் காட்டும் அக்கறையை, அவ்வெழுத்து எந்தப் பொறியில் இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, எத்தனை படிகளாக இருக்கிறது என்பதில் நாம் காட்டுவதில்லை. அச்சிட்ட நூலின் ஒரு படியைச் செல்லரித்தால் வேறொரு நூலகத்தில் வேறொரு படி இருக்கும். வலைப்பக்கத்தின் நிலை அத்தகையதன்று. ஓராண்டு வாடகை கட்டத் தவறினாலே பத்தாண்டு உழைப்பு மறைந்துவிடக்கூடும்.

சர்வர் என்பது வாடகை வீடு. வாடகை வீட்டை என்றேனும் மாற்ற நேரும். வீடு மாறினாலும் நம் பெயர் மாறலாகாது. நம் பொருள் தொலையலாகாது. இவ்விரண்டையும் கருத்திற்கொண்டு சர்வரைத் தேர்ந்தெடுப்பதும், நிறுவுவதும், ஓரிடத்திலிருந்து வேறிடத்திற்கு மாற்றுவதும் எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சர்வர் என்பது யாது?

சர்வர் என்பது தனி இனத்தைச் சேர்ந்த பொறியன்று. கேட்பவர்க்குக் கேட்டதைக் கொடுப்பதற்காக ஓயாது விழித்திருக்கும் கணிப்பொறி எதுவும் சர்வரே. நம் கைப்பேசியில் உள்ள பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கிறது. சர்வரில் இயங்கும் மென்பொருள் அக்கேள்வியை ஏற்று, வட்டில் உள்ள கோப்பை எடுத்தோ, தரவுத்தளத்தில் தேடிப் பக்கத்தை அப்போதே கட்டியோ அனுப்பி வைக்கிறது. 1995-இல் வெளிவந்த அப்பாச்சி, 2004-இல் வெளிவந்த என்ஜின்எக்ஸ் ஆகியவை இத்தகைய மென்பொருள்களுள் பெரிதும் அறியப்பட்டவை. சாதாரணப் பக்கங்கள் 80-ஆம் எண் வாயில் வழியாகவும், மறைகுறியீட்டால் காக்கப்பட்ட பக்கங்கள் 443-ஆம் எண் வாயில் வழியாகவும் செல்கின்றன.

ஒரு பொறியில் ஒரு தளம்தான் இருக்க வேண்டுமா? இல்லை. பழைய முறைப்படி ஒவ்வொரு தளத்துக்கும் தனி எண் முகவரி தேவைப்பட்டது. நான்காம் பதிப்பு இணைய முகவரிகளோ மொத்தம் 429 கோடி அளவே உண்டு. 1997-இல் வகுக்கப்பட்ட எச்.டி.டி.பி. 1.1 விதிமுறை, பக்கத்தைக் கேட்கும் பிரவுசர் தான் நாடி வந்த தளத்தின் பெயரையும் உடன் சொல்ல வேண்டும் எனக் கட்டாயமாக்கியது. கதவைத் தட்டும் விருந்தினர், வீட்டில் யாரைக் காண வந்தேன் என்று சொல்வது போன்றது இது. இதன் பயனாக ஒரே முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்க முடிந்தது. சிறு தொகைக்கு ஹோஸ்டிங் கிடைப்பதற்கு இவ்விதி பெருந்துணையாயிற்று.

2. பெயரும் முகவரியும்

வலைத்தளத்தைப் பற்றிப் பேசும்போது மூன்று பொருள்களை ஒன்றெனக் கருதிக் குழப்பிக் கொள்வது இயல்பு. டொமைன் பெயரைப் பதிதல் ஒன்று. அப்பெயரை எண் முகவரியோடு இணைத்துக் காட்டும் டி.என்.எஸ். ஏடு மற்றொன்று, பக்கங்கள் தங்கும் சர்வர் பிறிதொன்று. இம்மூன்றையும் ஒரே நிறுவனத்திடம் வாங்கலாம். வெவ்வேறு நிறுவனங்களிடமும் வாங்கலாம். ஆனால் மூன்றும் வேறு வேறு என்பதை மறத்தலாகாது.

தொடக்க காலத்தில் வலையமைப்பிலிருந்த எல்லாப் பொறிகளின் பெயரும் முகவரியும் ஒரே கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் அக்கோப்பைப் பேணிவந்தது. பொறிகள் பெருகவே அம்முறை தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் டி.என்.எஸ். முறையை வகுத்தார். ஒரே கோப்பு என்பது நீங்கி, ஒவ்வொரு பெயருக்கும் உரியவர் தம் பகுதியைத் தாமே பேணும் ஏற்பாடு வந்தது. ஒரு பெயருக்குரிய முகவரியைக் கேட்டறிந்தவர் அதை எத்தனை வினாடிகள் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் அவ்வேட்டிலேயே குறிக்கலாம். இதற்கு டி.டி.எல். என்று பெயர். 86,400 என்று குறித்தால் ஒரு நாள். 300 என்று குறித்தால் ஐந்து நிமிடம். இந்தச் சிறிய எண்ணின் அருமை இடம் மாறும் நாளில் விளங்கும்.

பெயர் நம்முடையதாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கு ஜியோசிட்டீஸ் நல்ல சான்று. 1994-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் எவருக்கும் இலவசமாக இடம் கொடுத்தது. பொருளுக்கேற்பத் தெருக்கள் வகுத்து, ஏதென்ஸ், ஹாலிவுட் என்றெல்லாம் பெயரிட்டு, வீட்டுக்கு எண்ணும் கொடுத்தது. 1999-இல் யாஹூ நிறுவனம் அதை விலைக்கு வாங்கிற்று. 2009 அக்டோபர் 26 அன்று, ஜப்பான் நீங்கலாக, அதனை மூடிவிட்டது. குடியிருந்தோர் தம் பக்கங்களைப் படியெடுத்துக் கொள்ளலாம் என முன்னறிவிப்புத் தரப்பட்டது உண்மையே. ஆனால் முகவரி ஜியோசிட்டீஸின் முகவரி. பக்கத்தை வேறிடத்தில் வைத்தாலும், உலகெங்கும் பிறர் குறித்து வைத்திருந்த சுட்டிகள் யாவும் இல்லாத வீட்டையே காட்டின. ஆர்வலர்கள் சிலர் இரவு பகலாகப் படியெடுத்து ஒரு பகுதியைக் காப்பாற்றினர்.

தமிழிலும் இதனோடு ஒப்பிடத்தக்க எடுத்துக்காட்டு உண்டு. 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி இலவசமாக வழங்கி வருகிறது. தொடக்க காலத்தில் அது தமிழ்.நெட் என்னும் தளத்தின் ஒரு பிரிவாக இருந்தது. பின்னர்த் தன் சொந்தப் பெயரில் குடியேறியது. சொந்தப் பெயர் பெற்றபின் சர்வர் எத்தனை முறை மாறினாலும் வாசகருக்குக் கவலையில்லை. பழைய ஆய்வேடுகளின் அடிக்குறிப்பில் முந்தைய முகவரியைக் காணும் மாணவருக்கு இவ்வேறுபாடு எளிதில் புரியும்.

எனவே முதற் கட்டளை இது: டொமைன் பெயரை நிறுவனத்தின் பெயரிலேயே பதிக. தளம் அமைத்துக் கொடுப்பவர் தம் பெயரில் பதிந்து தருவதாகச் சொன்னால் இணங்கலாகாது. பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனைச் சேர்ந்ததாக இருத்தலும் கூடாது. டொமைன் காலாவதியானால் எச்சரிக்கைக் கடிதம் வந்து சேரும் பெட்டியும் அதனோடு மூடிவிடுமன்றோ?

3. குடியிருப்பு வகைகள்

ஹோஸ்டிங்கை நால்வகையாகப் பிரிக்கலாம்.

ஒன்று, பகிர்வு ஹோஸ்டிங். இது ஒண்டுக்குடித்தனம். ஒரே கிணறு, ஒரே முற்றம். வாடகை குறைவு, துப்புரவு, பழுதுபார்ப்பு யாவும் வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால் அடுத்த குடித்தனத்தில் கலியாணம் நடந்தால் நமக்குத் தண்ணீர் கிடைக்காது. ஒரு தளத்தில் கூட்டம் மிகுந்தால் உடனிருக்கும் தளங்களும் மெதுவாகும்.

இரண்டு, வி.பி.எஸ். எனப்படும் மெய்நிகர் தனிச் சர்வர். இது அடுக்குமாடிக் குடியிருப்பு. கட்டடம் ஒன்றே எனினும் கதவும் மின்மானியும் தனி. நமக்கென ஒதுக்கிய நினைவகத்தையும் வட்டையும் நம் விருப்பப்படி ஆளலாம். அதற்கு ஈடாக, பூட்டுப் போடுவதும் பெருக்குவதும் நம் பொறுப்பாகின்றன.

மூன்று, தனிச் சர்வர். இது தனி வீடு. முழுப் பொறியும் நமக்கே. வாடகை மிகுதி, வட்டு பழுதானால் மாற்றித்தரும்வரை காத்திருக்க நேரும்.

நான்கு, மேகக் கணிமை. அமேசான் நிறுவனம் 2006-இல் சேமிப்பிடத்தையும் கணிப்பொறியையும் இணையம் வழியாக வாடகைக்குத் தரத் தொடங்கியது; மணிக்கணக்கில் வாடகை வாங்கும் முறை பரவியது. இது தங்கும் விடுதி. திருவிழாவுக்குப் பத்து அறை, மறுநாள் ஓர் அறை என எடுக்கலாம். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் மட்டும் கூட்டம் பெருகும் தளத்துக்கு இது மிகவும் பொருந்தும். ஆனால் கணக்கைக் கவனியாதவர்க்கு மாத முடிவில் வரும் பில் அதிர்ச்சி தரும். தரவை உள்ளே கொண்டுவர வழக்கமாகக் கட்டணம் இல்லை; வெளியே கொண்டுசெல்லக் கட்டணம் உண்டு. முழுவதுமாக வெளியேறுவோர்க்கு அக்கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக 2024-இல் பெரிய நிறுவனங்கள் சில அறிவித்தன.

4. தேர்ந்தெடுக்கும் முறை

விளம்பரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதினும் நான்கு வினாக்களை எழுப்பித் தேர்ந்தெடுப்பது நன்று.

முதல் வினா: சுமை எவ்வளவு? ஒரு பக்கத்தின் அளவு 2 எம்.பி. என்றும், நாளொன்றுக்கு 500 பேர் வந்து ஆளுக்கு மூன்று பக்கம் படிப்பர் என்றும் கொள்வோம். ஒரு நாளைக்கு 3,000 எம்.பி.; மாதத்துக்குச் சுமார் 90 ஜி.பி. நினைவகத்தையும் இவ்வாறே கணக்கிடலாம். 1 ஜி.பி. நினைவகத்தில் இயக்க அமைப்பும் தரவுத்தளமும் 400 எம்.பி. கொள்ளுமாயின் எஞ்சுவது 600 எம்.பி. ஒரு கேள்விக்கு விடையளிக்கும் நிரல் 50 எம்.பி. எடுக்குமானால் ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர்க்கே விடையளிக்க இயலும். பதின்மூன்றாமவர் வரிசையில் நிற்க வேண்டும். இந்த எளிய பெருக்கலைச் செய்யாமல் இடம் வாங்குவோர், ஒன்று மிகையாகச் செலவிடுவர். அன்றித் தேவையான நாளில் தவிப்பர்.

இரண்டாம் வினா: சர்வர் எங்கே இருக்கிறது? கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். கேள்வி சென்று விடை திரும்ப 29 மில்லிவினாடிக்குக் குறையாது. அமெரிக்காவின் கிழக்குக் கரை ஏறத்தாழ 13,500 கிலோமீட்டர். அங்குச் சென்று திரும்ப 135 மில்லிவினாடியாவது ஆகும். கடலடிக் கம்பிகள் நேர்க்கோட்டில் செல்லாமையால் உண்மையில் இன்னும் மிகும். பாதுகாப்பான பக்கம் ஒன்றின் முதல் எழுத்து வருவதற்குள் இப்பயணம் வழக்கமாக மூன்று முறை நிகழ வேண்டும். ஆகவே சிங்கப்பூர் என்றால் வினாடியில் பத்தில் ஒரு பங்கு. அமெரிக்கா என்றால் பத்தில் நான்கு பங்கு. எவ்வளவு விலையுயர்ந்த பொறியை வாங்கினாலும் இத்தூரத்தை வெல்ல முடியாது. வாசகர் எங்கே மிகுதியோ அதற்கு அண்மையில் சர்வர் இருத்தல் வேண்டும்.

மூன்றாம் வினா: எவ்வளவு நேரம் இயங்கும்? நூற்றுக்கு 99.9 பங்கு நேரம் இயங்கும் என உறுதிமொழி தருவர். 30 நாள் கொண்ட மாதத்தில் இதன் பொருள், 43 நிமிடம் நின்றுபோகலாம் என்பதே. 99 என்றால் 7 மணி 12 நிமிடம், 99.99 என்றால் 4 நிமிடத்துக்குச் சற்று மேல். உறுதிமொழி தவறினால் கிடைக்கும் ஈடு பெரும்பாலும் வாடகையில் ஒரு பகுதியே. இழந்த எழுத்துக்கு ஈடு எவரும் தருவதில்லை.

நான்காம் வினா: கட்டடமே போய்விட்டால்? இது மிகைக் கற்பனையன்று. 2021 மார்ச் 10 அன்று நள்ளிரவுக்குப் பின், பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்தடுக்கு சர்வர் மனை ஒன்று முழுவதும் எரிந்து போயிற்று. அருகிருந்த மனையின் ஒரு பகுதியும் அழிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் 36 இலட்சம் வலைத்தளங்கள் இயங்காமல் நின்றன என நெட்கிராஃப்ட் நிறுவனம் கணக்கிட்டது. காப்புப் படியை வேறு ஊரில் வைத்திருந்தவர்கள் சில நாளில் மீண்டனர். சிலருடைய காப்புப் படியோ மூலப்படி இருந்த வளாகத்திலேயே இருந்தது. இரண்டும் ஒரே தீயில் போயின. பணம் கட்டியதாலேயே படி எடுக்கப்படுகிறது என்றோ, எடுத்த படி வேறிடத்தில் இருக்கிறது என்றோ கொள்ளுதல் தவறு.

5. நிறுவும் முறை

வி.பி.எஸ். ஒன்றை வாங்கியவர் லினக்ஸ் இயக்க அமைப்புடன் அதைப் பெறுவதே பெருவழக்கு. பொது இணையத்தில் புதிய சர்வர் பிறந்த சில நிமிடங்களிலேயே யாரோ கதவைத் தட்டிப் பார்ப்பர். அவர்கள் ஆட்களல்லர், கடவுச்சொல்லை ஊகித்தபடி முகவரி முகவரியாய்த் திரியும் நிரல்கள். எனவே அலங்காரத்துக்கு முன் காவல் வேண்டும். வரிசை பின்வருமாறு:

(அ) இயக்க அமைப்பை உடனே புதுப்பித்து, பாதுகாப்புத் திருத்தங்கள் தாமே நிறுவப்படுமாறு செய்க.

(ஆ) முதன்மைப் பயனராக நேரே நுழைவதைத் தடுத்து, தனிப் பயனரை அமைக்க. எஸ்.எஸ்.ஹெச். வழியே நுழையக் கடவுச்சொல்லை விலக்கிச் சாவிக்கோப்பைப் பயன்படுத்துக.

(இ) அரண் மென்பொருளால் எல்லா வாயில்களையும் மூடி, 22, 80, 443 ஆகிய மூன்றை மட்டும் திறக்க. தரவுத்தளத்தின் வாயில் வெளியுலகுக்குத் திறந்திருத்தலாகாது.

(ஈ) வலைச் சர்வர் மென்பொருளை நிறுவி, தளத்துக்குத் தனிக் கோப்பகம் அமைக்க. எவரும் எழுதலாம் என்னும் 777 அனுமதியை எந்தக் கோப்புக்கும் வழங்கற்க.

(உ) பாதுகாப்புச் சான்றிதழ் பெறுக. 2015 டிசம்பர் முதல் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இதனை எல்லார்க்கும் இலவசமாக வழங்குகிறது. அதன் சான்றிதழ் 90 நாளுக்கு மேல் செல்லாது; ஆதலின் தானே புதுப்பிக்கும் நிரலையும் உடன் அமைக்க வேண்டும்.

(ஊ) வட்டு நிறைந்தாலும் தளம் நின்றாலும் செய்தி அனுப்பும் கண்காணிப்பை வைக்க. அச்செய்தி வேறொரு பொறியிலிருந்து வர வேண்டும்; மயங்கி விழுந்தவர் தாமே மருத்துவரை அழைக்க முடியாது.

6. காப்புப் படி

காப்புப் படிக்கு 3-2-1 என்றொரு விதி வழங்குகிறது. மூன்று படிகள், இரு வகைச் சாதனங்களில், ஒன்று வேற்றிடத்தில் என்பது அதன் பொருள். இதனோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: படியிலிருந்து தளத்தை மீண்டும் எழுப்பிப் பார்த்தல்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நிகழ்ந்ததை அந்நிறுவனமே ஒளிக்காமல் உலகுக்கு எடுத்துரைத்தது. இரவில் பழுதுபார்த்துக் கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணைச் சர்வர் என எண்ணி முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்பகத்தை அழிக்கும் ஆணையை இட்டார். உடனே நிறுத்தியும், ஏறத்தாழ 300 ஜி.பி.யில் 4.5 ஜி.பி.யே எஞ்சியது. காப்புக்கென ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றும் ஒழுங்காக உதவவில்லை. நாள்தோறும் படியெடுக்க வேண்டிய நிரல், பதிப்பு வேறுபாட்டால் நெடுநாளாகத் தோல்வியடைந்து வந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் பெறுமிடத்தில் ஏற்கப்படாமல் போயிருந்தன. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த படிதான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்தில் எழுதப்பட்டவை திரும்பவில்லை.

இதனால் நாம் அறிவது என்ன? எடுத்துப் பார்க்காத படி, படியே அன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் வெற்றுப் பொறி ஒன்றில் தளத்தை எழுப்பிப் பார்த்து, எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் குறித்து வைத்தல் நலம்.

7. இடம் மாறுதல்

வாடகை உயர்வு, நிறுவனம் மூடப்படுதல், கூட்டம் பெருகுதல் எனக் காரணம் எதுவாயினும், இடம் மாறும் நாளே தளத்தின் வாழ்வில் ஆபத்து மிகுந்த நாள். மைஸ்பேஸ் தளத்தில் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட ஐந்து கோடிக்கு மேற்பட்ட பாடல்கள் சர்வர் மாற்றத்தின்போது தொலைந்தன என்பது 2019 மார்ச்சில் உலகறிந்த செய்தியாயிற்று. ஆய்வுக்காக ஒரு குழு முன்பே படியெடுத்து வைத்திருந்த சுமார் 4,90,000 பாடல்கள் இன்டர்நெட் ஆர்கைவ் வாயிலாக மீண்டன. அது நூற்றுக்கு ஒன்று என்னும் அளவைக்கூட எட்டவில்லை. எங்கோ ஒரு நகரில் நான்கு நண்பர்கள் பாடிப் பதிந்த ஒரே பாட்டு அதில் இருந்திருக்கலாம். அதற்கு வேறு படி இராமலும் போயிருக்கலாம்.

பாதுகாப்பாக மாறுதற்குரிய படிநிலைகளைக் காண்போம்.

முதலாவது, பட்டியல். கோப்புகள், தரவுத்தளம், மென்பொருள்களின் பதிப்பு எண், நள்ளிரவில் தானே இயங்கும் வேலைகள், மின்னஞ்சல் ஏற்பாடு ஆகிய யாவற்றையும் எழுதுக. பலரும் மறப்பது மின்னஞ்சலை. டி.என்.எஸ். ஏடும் உடன் மாறுமானால், அஞ்சலுக்குரிய பதிவைப் புதிய ஏட்டில் சேர்க்காவிடில் தளம் நன்றாயிருக்கக் கடிதங்கள் மட்டும் வாராமல் போகும்.

இரண்டாவது, டி.டி.எல். எண்ணைக் குறைத்தல். அது 86,400 ஆக இருந்தால், மாறுவதற்கு ஒரு நாளுக்கும் முன்னதாகவே 300 ஆக்குக. குறைக்காமல் மாறினால், சற்று முன்பு முகவரியை அறிந்து வைத்தவர் மறுநாள் வரை பழைய வீட்டுக்கே செல்வார்.

மூன்றாவது, படியெடுத்துச் சோதித்தல். புதிய சர்வரில் எல்லாவற்றையும் வைத்தபின், நம் சொந்தக் கணிப்பொறியில் உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பில் தளத்தின் பெயருக்கு எதிரே புதிய முகவரியை எழுதுக. 1983-க்கு முன் உலகமே நம்பியிருந்த அந்தக் கோப்பின் எச்சம் இன்றும் ஒவ்வொரு கணிப்பொறியிலும் உள்ளது! உலகம் பழைய வீட்டைக் காணும். நாம் மட்டும் புதிய வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம். பாதுகாப்புச் சான்றிதழும் இந்நிலையிலேயே புதிய சர்வரில் இருத்தல் வேண்டும்.

நான்காவது, எழுத்தை நிறுத்துதல். படிக்கலாம், எழுத இயலாது என்னும் நிலையில் பழைய தளத்தைச் சிறிது நேரம் வைத்து, இடையில் மாறியவற்றை மட்டும் மீண்டும் படியெடுக்க. இதைச் செய்யாவிடில் பாதிக் கருத்துரைகள் பழைய வீட்டிலும் பாதி புதிய வீட்டிலுமாகச் சிதறும். பின்னர் ஒன்று சேர்த்தல் அரிது.

ஐந்தாவது, முகவரியை மாற்றுதல். அதன்பின் பழைய சர்வரை உடனே அணைக்கலாகாது. சில நாள் இரு வீட்டிலும் விளக்கு எரியட்டும். பழைய சர்வரின் பதிவேட்டில் வருகை ஓய்ந்தது என்று கண்ட பின்னரே அதை மூட வேண்டும். பழுது நேர்ந்தால் திரும்பிச் செல்லும் வழியும் அதுவரை திறந்திருக்கும்.

பக்கங்களின் உள்முகவரியும் மாறுமாயின், பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்கு அனுப்பும் 301 என்னும் நிலையான வழிமாற்றை அமைக்க வேண்டும். தளத்தின் தோற்றத்தை மாற்றுதல், மென்பொருளைப் புதுப்பித்தல் ஆகியவற்றை அதே நாளில் செய்யலாகாது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் யாது நேரும் என்பதற்கு, 52 இலட்சம் வாடிக்கையாளரைக் கொண்ட இங்கிலாந்தின் டி.எஸ்.பி. வங்கி சான்று. 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் அவ்வங்கி புதிய கணிப்பொறி அமைப்புக்கு மாறிற்று. தரவு சென்று சேர்ந்தது. ஆனால் புதிய அமைப்பு சுமையைத் தாங்கவில்லை. இலட்சக்கணக்கானோர் தம் கணக்கைக் காண இயலாது தவித்தனர். வங்கி இயல்பு நிலைக்குத் திரும்ப அவ்வாண்டு டிசம்பர் ஆயிற்று. 2022 டிசம்பரில் அதற்கு 4 கோடியே 86½ இலட்சம் பவுன் அபராதம் விதிக்கப்பட்டது.

8. தமிழ் எழுத்துக்கு நேரும் இடர்

ஆங்கிலத் தளங்களுக்கு இல்லாத ஓர் இடர் தமிழ்த் தளங்களுக்கு உண்டு. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்கும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளும். 'மொழி' என்னும் சொல்லில் ம, ொ, ழ, ி என நான்கு குறிகள். ஆக 12 பைட்.

மையெஸ்கியூஎல் தரவுத்தளம் 2018-இல் வந்த எட்டாம் பதிப்புக்கு முன்வரை, நாம் வேறு சொல்லாவிடில், லத்தீன் எழுத்துமுறையையே கொண்டிருந்தது. அக்காலத் தளங்கள் பல, லத்தீன் என்று பெயர் ஒட்டிய பெட்டியில் தமிழ்ப் பைட்டுகளைப் போட்டு வைத்தன. போட்டவாறே எடுத்ததால் எழுத்து சரியாகத் தெரிந்தது. இடம் மாறும்போது மாற்றுநிரல் அப்பெயரை உண்மையென நம்பி, 12 பைட்டையும் 12 லத்தீன் எழுத்துகளாகக் கொண்டு மறுபடியும் மாற்றிவிடும். பக்கம் முழுவதும் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். இதைக் கண்டு அஞ்ச வேண்டா. மாற்றத்தை எதிர்முகமாகச் செய்தால் தமிழ் மீளும். ஆனால் தமிழை உண்மையாகவே லத்தீனுக்கு மாற்ற முயன்றால், இடமில்லாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி பதியும். 'மொழி' நான்கு கேள்விக்குறிகளாகும். அது மீளாது. கேள்விக்குறிகளைக் கண்டவுடன் வேலையை நிறுத்திப் பழைய படிக்குத் திரும்புவதே வழி.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒகரக் குறியான 'ொ' ஒரே குறியாகவும் இருக்கலாம்; ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த இரு குறிகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கு வேறு வேறு. கோப்பின் பெயரைத் தமிழில் வைத்திருந்தால், மாறிய இடத்தில் கோப்பு இருந்தும் இல்லை என்று விடை வரக்கூடும். ஆதலின் சோதிக்கும்போது முகப்புப் பக்கத்தோடு நின்றுவிடாமல் கொ, கோ, கௌ, க்ஷ, ஸ்ரீ ஆகிய எழுத்துகள் வரும் பக்கங்களையும், தமிழ்ப் பெயர் கொண்ட படங்களையும், தேடுபெட்டியையும் பார்க்க வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். தளங்கள் அழிவதற்குத் தீயும் வெள்ளமும் மட்டும் காரணமல்ல. பெயர் யாருடையது என்று கேளாமை, படியை எடுத்துப் பாராமை, மாறும் நாளில் அவசரப்படுதல் ஆகிய மூன்றும் அவற்றுக்கு இணையான காரணங்களாம். இம்மூன்றையும் நீக்கப் பெரும் பொருட்செலவு தேவையில்லை.

கல்லூரிகளுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். தளத்தை ஆர்வத்தோடு அமைப்பவர் இறுதியாண்டு மாணவர். ஓராண்டில் அவர் பட்டம் பெற்றுச் சென்றுவிடுகிறார். கடவுச்சொல்லும் அவருடன் சென்றுவிடுகிறது. பேராசிரியரும் பணிமாறுதல் பெறுகிறார். டொமைனுக்குரிய புதுப்பித்தல் கடிதம் யாரும் திறவாத பெட்டியில் கிடக்கிறது. ஆகவே ஒவ்வொரு துறையும் ஒரே ஒரு தாளில் ஐந்து செய்திகளை எழுதி வைத்தல் நன்று: டொமைன் யார் பெயரில் உள்ளது, எந்நாளில் புதுப்பிக்க வேண்டும், சர்வர் எந்நிறுவனத்தில் உள்ளது, காப்புப் படிகள் எங்கெங்கே உள்ளன, கடைசியாக எந்நாளில் எடுத்துப் பார்க்கப்பட்டது. கடவுச்சொற்களை அத்தாளில் எழுதாமல் பாதுகாப்பாகத் தனியே ஒப்படைக்க வேண்டும். ஆய்வகச் சாவியையும் இருப்புப் பதிவேட்டையும் அடுத்தவரிடம் கையெழுத்துப் பெற்று ஒப்படைப்பதுபோல், ஆண்டுதோறும் இத்தாளையும் ஒப்படைக்கும் வழக்கம் ஏற்படுமாயின், இன்றைய மாணவர் எழுதியதை இருபது ஆண்டுகள் கழித்து வரும் மாணவரும் அதே முகவரியில் படிக்க இயலும்.